இடிந்து எத்தனை வருஷம்

சாம்பலில் தோய்த்த முட்டைக்கு என்ன ருசி என்று ரஹமீமைக் கேட்டால், "போன வருஷத்து ருசிதான்" என்பார். யூதர்களின் ஆவ் மாதம் எட்டாம் தேதி, சூரியன் சாய்வதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது, சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவித்த முட்டையை ஒரு சிட்டிகைச் சாம்பலில் தொட்டு, காய்ந்த ரொட்டியோடு விழுங்குவார். அதற்குப் பிறகு மறுநாள் இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. குளியல் கிடையாது, தோல் செருப்பு கிடையாது. யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லக் கூடாது. ஆவ் ஒன்பது, ஜெருசலேமின் ஆலயம் இரண்டு முறை இடிந்த நாள். முதல்முறை பாபிலோன்காரன், இரண்டாம்முறை ரோமாபுரிக்காரன். இரண்டு பேரும் ஒரே தேதியைத் தேர்ந்தெடுத்ததில் ரஹமீமின் மனைவி ஹபீபாவுக்கு ஒரு திருப்தி உண்டு. "தனித்தனி நாள்ல இடிச்சிருந்தா ரெண்டு பட்டினி" என்பாள்.

"சாம்பல் மீசைல இருக்கு," என்றாள் இப்போது, தன் முட்டையோடு எதிர்மூலையில் உட்கார்ந்து.

"துக்கம்னா அப்படித்தான் இருக்கும்."

"உனக்கா துக்கம்? கல்யாண மாப்பிள்ளை மாதிரி காலையிலேர்ந்து தொண்டையைச் செருமிக்கிட்டு இருக்க."

அது உண்மை. ஜெருசலேம் நகரத்தில் அன்று துக்கம் காத்த லட்சக்கணக்கான பேரில், அந்த நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்த ஒரே ஆள் ரஹமீமாகத்தான் இருக்க வேண்டும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்கு வருஷத்தில் ஒரு வாக்கியம் உண்டு. அதை அன்றைக்குத்தான் சொல்ல முடியும்.

சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில், குர்திஸ்தானிலிருந்து வந்தவர்கள் கட்டிய சின்ன ஜெப ஆலயம் அவர்களுடையது. அங்கே துக்க இரவில் புலம்பல் பாட்டெல்லாம் முடிந்ததும் கடைசி மெழுகுவர்த்தியையும் ஊதி அணைப்பார்கள். கும்மிருட்டில் ஒரு குரல் மட்டும் எழும்பும். "நம் சகோதரரே, இஸ்ரவேல் வீட்டாரே, கேளுங்கள். நம் ஆலயம் இடிந்து இன்றோடு இத்தனை வருஷம்." எத்தனை என்று அந்தக் குரல் சொல்லும். கூட்டம் அழும். அவ்வளவுதான் அந்த வேலை. இருபத்தேழு வருஷமாக அந்தக் குரல் ரஹமீமுடையது.

ரஹமீம் முப்பத்துநான்கு வருஷம் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தவர். வீடுவீடாகப் போய், படிக்கட்டுக்கு அடியில் குனிந்து, சிலந்தி வலையை விலக்கி, எண்ணைப் படித்து அட்டையில் எழுதி, வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிற உத்தியோகம். முன்பு வருஷக் கணக்கைச் சொல்லிவந்த கிழவர் யோனா இறக்கும் தறுவாயில், "எண் படிக்கிறவன் ரஹமீம்தானே, அவனே படிக்கட்டும்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். ரஹமீம் பொறுப்பேற்றபோது ஆலயம் இடிந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு வருஷம். புலம்பல் பாட்டுப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் ஒவ்வொரு வருஷமும் சொன்ன எண்ணைப் பென்சிலால் எழுதிவைப்பார். இருபத்திரண்டு, இருபத்திமூன்று என்று ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கி வரும். "வாழ்க்கைல நான் பாத்த மீட்டர்லயே இது ஒண்ணுதான் யாரும் கழட்டி மாத்தாதது" என்று அவர் சொல்வது அந்தச் சந்தில் எல்லாருக்கும் அலுத்துப்போன நகைச்சுவை.

எண்ணைச் சொல்லி முடித்ததும் அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மெனாஷேவின் முழங்காலைத் தட்டி, "அடுத்த வருஷம் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது" என்பார். அதற்குள் மீட்பர் வந்து, ஆலயம் எழும்பி, இந்த எண்ணே தேவையில்லாமல் போகட்டும் என்று அர்த்தம். மெனாஷே "ஆமென்" என்பார். இருபத்தேழு முறை அவர் சொன்னார், இருபத்தேழு முறை இவர் ஆமென் போட்டார்.

மெனாஷே யார் என்றால், சந்தையில் பாதாம், முந்திரி, வறுத்த பூசணி விதை விற்கிறவர். இருவரும் ஈராக் எல்லையைத் தாண்டி வந்த பெற்றோருக்கு ஒரே தகரக் கொட்டகை முகாமில் பிறந்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஜெப ஆலயத்துக்குத் தர்மகர்த்தா தேர்தல் நடந்தபோது, படிக்கட்டு படிக்கட்டாக ஏறி மெனாஷேவுக்கு ஓட்டுக் கேட்டது ரஹமீம். எந்த வீட்டில் எந்தக் கதவு, எந்த நாய் என்று அவருக்குத்தானே தெரியும். மெனாஷே நான்கு ஓட்டில் ஜெயித்தார்.

அன்று மாலை ரஹமீம் துணிச்செருப்பைச் சரக்சரக் என்று இழுத்துக்கொண்டு நடந்தார். சந்தைத் தெருவில் காப்பிக்கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. அன்றைக்குத் திறந்துவைத்தால் நகராட்சி அபராதம் போடும். ஒரு மதுக்கடை மட்டும் ஷட்டரை முக்கால் இறக்கியிருந்தது. அடியில் பத்துப்பதினைந்து ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒரு காலில்கூடத் தோல் செருப்பு இல்லை என்பதை ரஹமீம் கவனித்தார். 'குடிச்சாலும் மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க' என்று நினைத்துக்கொண்டார்.

ஜெப ஆலய வாசலில் மெனாஷே நின்றிருந்தார். அன்றைக்கு வணக்கம் கிடையாது என்பதால் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மெனாஷே கண்ணையும் திருப்பிக்கொண்டதை ரஹமீம் துக்கத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார்.

உள்ளே வேதச்சுருள் வைக்கும் பேழையின் திரையைக் கழற்றியிருந்தார்கள். தரையில் மெத்தைக்குப் பதிலாக இருபது புது நாற்காலிகள் போட்டிருந்தன. துக்க நாளில் நடுப்பகல்வரை தரையோடு தரையாகத்தான் உட்கார வேண்டும். இவை தரையிலிருந்து ஒரு சாண் உயரம், ஆகவே சட்டப்படி சரிதான். ஆனால் இவை கடற்கரை நாற்காலிகள். முதுகுத் துணியில் தென்னைமரமும் அஸ்தமிக்கும் சூரியனும் போட்டிருந்தது. வாங்கிவந்தவர் டாக்டர் ஓஃபீர்.

டாக்டர் என்றதும் அந்தச் சந்தில் எல்லாரும் முட்டிவலியைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பாவம், அவர் அந்த டாக்டர் இல்லை. பல்கலைக்கழகத்தில் பழைய ரோமாபுரியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் மூலைவீட்டை வாங்கிக் குடிவந்தார். அவரோடு அவருடைய நண்பர்கள் ஆறு பேரும் ஜெபத்துக்கு வரத் தொடங்கியதால், வார நாட்களில் ஜெபம் நடத்தக் கட்டாயம் வேண்டிய பத்துப் பேர் சேராமல் தெருவில் போகிற வருகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மெனாஷேவுக்குப் போன மூச்சு திரும்பியிருந்தது.

ரஹமீம் தன் வழக்கமான தூணருகே போனார். அங்கே மெனாஷேவின் பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தது. தனக்காகத்தான் என்று நினைத்து உட்காரப் போனார்.

"அங்க வேண்டாம்டா, கதவுப் பக்கம் காத்து நல்லா வருது," என்றார் மெனாஷே பின்னாலிருந்து.

காற்று நல்லா வருகிறது என்பது நண்பன் சொல்கிற அக்கறை. ரஹமீம் கதவுப் பக்கம் போய் ஒரு தென்னைமரத்தின்மேல் சாய்ந்தார்.

புலம்பல் பாட்டு ஓடியது. ஆள் நடமாட்டம் இல்லாமல் போன நகரம், விதவையைப் போல உட்கார்ந்திருக்கும் நகரம் என்று ஒவ்வொரு வரியும் வழக்கமான இடத்தில் வந்து வழக்கமான இடத்தில் நெஞ்சை அடைத்தது. வெளியே அதே நகரத்தில் இடம் கிடைக்காமல் ஒரு கார் பதினைந்து நிமிடமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசி மெழுகுவர்த்தியை யாரோ ஊதினார்கள்.

இருட்டு.

ரஹமீம் எழுந்து நின்றார். வழக்கம்போல இரண்டு முறை மெல்ல இருமினார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

"நம் சகோதரரே, இஸ்ரவேல் வீட்டாரே, கேளுங்கள்."

ஒரு கணம், தன் குரல்தான் இன்று இவ்வளவு இளமையாக வந்துவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம். தன் வாய் இன்னும் அசையவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. குரல் தூண் பக்கத்திலிருந்து வந்தது. துண்டு போட்ட நாற்காலியிலிருந்து.

"நம் ஆலயம் இடிந்து இன்றோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு வருஷங்கள்," என்றார் டாக்டர் ஓஃபீர், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி.

அழவேண்டிய இடத்தில் யாரும் அழவில்லை. கூட்டம் இருட்டில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"நாற்பத்தேழா?" என்றது ஒரு குரல். "போன வருஷம் நாற்பத்தெட்டு ஆச்சே?"

"ஆமா, நாற்பத்தெட்டு. இஸ்ரேலுக்குச் சுதந்திரம் கிடைச்ச நம்பர்னு சொல்லிச் சிரிச்சோம்ல."

"அப்ப இந்த வருஷம் நாடு இன்னும் பொறக்கலையா?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டு, துக்க நாள் என்று நினைவுவந்து அதை இருமலாக மாற்றினான். நான்கைந்து பேர் அதேபோல இருமினார்கள்.

"மன்னிக்கணும்," என்றார் டாக்டர். "வரலாற்றுப்படி இடிந்தது எழுபதாம் ஆண்டு. நம் மரபுக் கணக்கில் இரண்டு வருஷம் வித்தியாசம் உண்டு. ரோமாபுரி ஆவணங்களைப் பார்த்தால்..."

"இடிச்சவன்கிட்டயே போய், 'எப்பய்யா இடிச்ச'ன்னு கேட்டுட்டு வந்திருக்காரு!"

இந்தமுறை யாரும் இருமலாக மாற்றவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான துக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த வேகத்திலேயே கோபமும் வந்தது. "எங்க அப்பா சொன்ன கணக்கு தப்பா?" என்று ஒருவர். "தப்பான கணக்குக்கு எதுக்கு அழணும்?" என்று டாக்டரின் நண்பர் ஒருவர். கைபேசிகள் ஒவ்வொன்றாக எரிந்தன. தாடிகள் கீழிருந்து வெளிச்சம் பட்டுப் பயங்கரமாகத் தெரிந்தன. ஒருவர் கைபேசி நாற்பத்தொன்பது என்றது, இன்னொருவருடையது நாற்பத்தேழு என்றது. இரண்டு பேரும் கைபேசியை எதிராளியின் மூக்குக்கு நேரே நீட்டினார்கள்.

"ரஹமீமைக் கேளுங்கப்பா! ரஹமீம் எங்க?"

"ரஹமீம் சொல்லட்டும்!"

மேலே பெண்கள் மாடத்திலிருந்து ஹபீபாவின் குரல் வந்தது. "ரஹமீம்! தொண்டைல முட்டை அடைச்சிருச்சா? ஏன் வேற யாரோ சொல்றாங்க? இருக்கியா இல்லையா?"

இருந்தார். கதவோரம், நின்றபடியே இருந்தார். நாற்பத்தொன்பது என்ற எண் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷமாக வளர்த்த எண். அதை வெளியே விட்டால் போதும், சண்டை நின்றுவிடும், டாக்டர் தலைகுனிவது நின்றுவிடும், கூட்டம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகும்.

"டேய் ரஹமீம்," என்றது மெனாஷேவின் குரல், மெதுவாக, கெஞ்சலாக. "சொல்லுடா."

கதவுப் பக்கம் அனுப்பியதும் இதே 'டா'தான். அந்த 'டா'வில்தான் எல்லாம் முடிந்தது. ரஹமீம் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டார்.

கடைசியில் ஹகாம் எலியாவுதான், அந்தச் சபையின் குரு, மேடையைத் தட்டினார். "ரொம்ப வருஷம் ஆச்சு. போதுமா? ரொம்ப வருஷம். விளக்கைப் போடுங்க, வீட்டுக்குப் போங்க."

ஆக அந்த வருஷம் அந்தச் சபையில் அறிவிக்கப்பட்ட அதிகாரபூர்வமான எண், ரொம்ப.

வீடு திரும்பும்போது ஹபீபா ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய நாற்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் அது அபூர்வம் என்பதால் ரஹமீமுக்குப் பயமாக இருந்தது. சமையலறைக்குப் போய்ப் புத்தகத்தின் கடைசித் தாளைத் திறந்தார். கடைசி எண் நாற்பத்தெட்டு. அதன்கீழே பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மீட்டர் பார்க்கப் போகிற வீட்டில் ஆளில்லையென்றால் அட்டையில் எண்ணுக்குப் பதிலாக ஒரு குறிப்பு எழுதுவது அவர் உத்தியோகத்தில் வழக்கம். அதையே எழுதினார். 'கதவு பூட்டி.'

"உன்கிட்ட முன்னாடியே சொன்னானா?" என்றாள் ஹபீபா, எட்டிப்பார்த்துவிட்டு.

"இல்ல."

"ஜாடையா?"

"கதவுப் பக்கம் காத்து வரும்னான்."

ஹபீபா விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு ரஹமீம் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று பேசுவார்கள், போனால் எப்படி வந்தான் என்று பேசுவார்கள். ஆனால் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லக் கூடாத நாள் இது. முகம் கொடுக்காமல் உட்கார வருஷத்தில் இதைவிட வசதியான நாள் கிடைக்காது. போனார். தொண்டை வறண்டு, தலை கனத்து, தென்னைமரத்தின்மேல் சாய்ந்திருந்தார்.

ஹகாம் அந்த நாளில் எப்போதும் சொல்கிற கதையைச் சொன்னார். ஜெருசலேமில் ஒருவன் விருந்து வைத்தான். நண்பனை அழைத்துவா என்று வேலையாளை அனுப்பினான். கிட்டத்தட்ட அதே பெயர் உள்ள பகையாளியை அவன் கூட்டிவந்துவிட்டான். விருந்துக்காரன் எழுந்துபோ என்றான். வந்தவன் கெஞ்சினான், எல்லார் எதிரிலும் அவமானப்படுத்தாதே என்று. கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினான். தள்ளப்பட்டவன் நேரே ரோமாபுரி அதிகாரியிடம் போய்ச் சொந்த ஊரைப் பற்றி மூட்டிவிட்டான். அப்புறம் வந்தது படை, அப்புறம் விழுந்தது ஆலயம். காரணமில்லாத வெறுப்பால் இடிந்தது என்பார்கள்.

அறுபது வருஷமாக இந்தக் கதையைக் கேட்கும் ரஹமீமுக்கு அதில் இதுவரை உட்கார இடம் கிடைத்ததில்லை. இன்றைக்குக் கதை தொடங்கும் முன்பே இடம் பிடித்துவிட்டார். கையைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டவனின் இடம். 'கதவுப் பக்கம் காத்து வரும்' என்று அவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கதை அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஹகாம் ஒரு நிமிடம் நிறுத்தினார்.

"அந்த விருந்துல பெரிய பெரிய ஞானிங்க உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவமானம் நின்னிருக்கும். சொல்லலை. பாத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. அவன் கோபம் வெளிய தள்ளினவன்மேல மட்டும் இல்ல."

ஹகாம் யாரையும் பார்க்கவில்லை. கண் சரியாகத் தெரியாத மனிதர், மூன்றடிக்கு மேல் எல்லாமே அவருக்கு மூட்டம்தான். இருந்தாலும் ரஹமீமுக்குச் சட்டை கழுத்தில் பிடித்தது. தூண் பக்கம் டாக்டர் ஓஃபீர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய நண்பர்கள் ஆறு பேரில் மூன்று பேர் காலையில் வரவில்லை.

நடுப்பகலுக்குப் பிறகு நாற்காலியில் உட்காரலாம். பெண்கள் வீட்டைப் பெருக்கத் தொடங்குவார்கள். மீட்பர் பிறக்கப்போவதே இந்த நாளின் பிற்பகலில்தான் என்பது நம்பிக்கை. வருகிறவர் குப்பையைப் பார்க்கக் கூடாது அல்லவா. ஹபீபா மூன்று மணிக்குத் துடைப்பத்தோடு கூடத்தில் இறங்கியிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"அவரா இருக்குமோ?" என்றாள் ஹபீபா.

மெனாஷே. வணக்கம் சொல்ல முடியாததால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினார். கழற்றவேண்டிய அவசியம் இல்லாத ரப்பர் செருப்பு.

"தண்ணி குடின்னு சொல்ல முடியாது, உட்காருன்னு சொல்ல மனசு வரல," என்றாள் ஹபீபா. "நின்னுக்கிட்டே சொல்லு."

"ரஹமீம்," என்றார் மெனாஷே. "நீ கோபமா இருக்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான். நேத்து நீ ஒண்ணும் சொல்லல. சபையே ரெண்டாப் போச்சு. பாதிப் பேர் டாக்டர் முகத்துல முழிக்க மாட்டேங்கிறாங்க. டாக்டர் ஆளுங்க வேற எடம் பாக்கிறாங்களாம். போனா மறுபடி பத்துப் பேருக்கு நான் தெருவுல நிக்கணும். சாயங்கால ஜெபத்துல நீ எழுந்து அந்த எண்ணைச் சொல்லிடு. எல்லாம் சரியாயிரும்."

"ஏன், டாக்டர் சொன்னாரே?"

"டேய், அது..."

"எங்கிட்ட ஏன் சொல்லல, மெனாஷே?"

மெனாஷே கூரையைப் பார்த்தார். பெருக்காத மூலையைப் பார்த்தார். பிறகு, வழியெல்லாம் தயார்செய்து கொண்டுவந்த வாக்கியத்தை எடுத்தார்.

"நீதானேடா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"போன வருஷம். இருட்டுல. முட்டியைத் தட்டி. 'அடுத்த வருஷம் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது'ன்னு. சரி, வயசாயிருச்சு, போதும்ங்கிறான்னு நெனச்சேன். டாக்டர்கிட்டயும் நீ ஓய்வு எடுத்துக்கிட்டன்னு சொன்னேன்."

துடைப்பம் நின்றது.

கோபம் வரும் என்று ரஹமீம் எதிர்பார்த்தார். தண்ணீர் போன குழாய்போலக் காற்றுத்தான் வந்தது. "அது பிரார்த்தனைடா," என்றார்.

"இருக்கலாம். ஆனா கேட்கிறப்ப..."

"இருபத்தாறு தடவை பிரார்த்தனையாக் கேட்டுது. டாக்டர் நாற்காலி வாங்கிட்டு வந்ததும் ராஜினாமாவாக் கேட்டுதா?"

"நான் ஆமென் சொன்னேனே. ஆமென்னா ஒத்துக்கிட்டேன்னுதானே."

"கடைல விக்காத பாதாமையெல்லாம் காதுல போட்டு வச்சிருந்தியா?" என்றாள் ஹபீபா. "மீட்பர் வரட்டும்னு என் புருஷன் வேண்டினா, இவன் அதை லீவு லெட்டர்னு வாங்கி வச்சிருக்கான். ஒரு வேளை மீட்பரே வந்தாலும் இவன் அவரைக் கதவுப் பக்கம் காத்து வரும்னு உட்கார வைப்பான்."

"ஹபீபா, உனக்குச் சபை நடத்துற கஷ்டம் தெரியாது."

"தெரியுமே. படிப்படியா ஏறி ஓட்டு வாங்கிக் கொடுத்தவன் காலுக்கு நான்தானே எண்ணெய் தேய்ச்சேன்."

மெனாஷே ரஹமீமிடம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது, அது பட்டினியாலா வேறெதனாலா என்று தெரியாது. "சாயங்காலம் சொல்லுவியா?"

"மாட்டேன்."

"சபை போயிரும்டா."

"ரோமாபுரிக்காரனைக் கேளு. எந்த வருஷம் போச்சுன்னு அவன் சரியாச் சொல்லுவான்."

மெனாஷே கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போனார். போகும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாத நாள், நல்லவேளை. ஹபீபா விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே, "அந்த டாக்டர் பாவம்," என்றாள். "கூட்டம் சிரிச்சப்ப மேல எங்களுக்கு அவன் குரல் நடுங்கினது கேட்டுது. அவனுக்கு என்ன தெரியும்?"

சாயங்கால ஜெபத்தில் ரஹமீம் எழுந்து நிற்கவில்லை. மெனாஷே இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஹகாம் ஜெபத்தை முடித்தார். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் பட்டினி முடிந்தது. யாரோ தண்ணீர் பாட்டில்களைக் கைமாற்றினார்கள்.

ஆனால் உடனே வீட்டுக்குப் போக முடியாது. துக்கம் முடிந்த மாலையில் வெளியே நின்று வளர்பிறையைப் பார்த்து ஆசீர்வாதம் சொல்லும் வழக்கம் உண்டு. அதில் ஒவ்வொருவரும் மூன்று பேரிடம் திரும்பி, "உங்களுக்குச் சமாதானம்" என்று சொல்ல வேண்டும், அவர்களும் "சமாதானம் உங்களுக்கு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு முழு நாள் வணக்கத்தை அடக்கிவைத்த கூட்டம் அன்றைக்கு அதைத் தாகத்தோடு சொல்லும். சந்து முழுக்கச் சமாதானம், சமாதானம் என்று இரைச்சலாக இருந்தது. நாற்பத்தேழுக்காரர்கள் நாற்பத்தேழுக்காரர்களுக்கும், நாற்பத்தொன்பதுக்காரர்கள் நாற்பத்தொன்பதுக்காரர்களுக்கும் சொல்லிக்கொண்டார்கள்.

டாக்டர் ஓஃபீர் தனியாக, சுவரோரம், நிலவைப் பார்த்தபடி நின்றார். அவரிடம் யாரும் திரும்பவில்லை. ரஹமீம் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். வாயைத் துடைத்தார். பிறகு துணிச்செருப்பை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார்.

"உங்களுக்குச் சமாதானம்."

டாக்டர் திடுக்கிட்டார். "சமாதானம் உங்களுக்கு. ஐயா, எனக்குத் தெரியாது. நீங்க ஓய்வு எடுத்துக்கிட்டதாத்தான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா நான்..."

"தெரியும்." ரஹமீம் குரலைத் தாழ்த்தினார். இரண்டு முறை மெல்ல இருமினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது. எங்க கணக்கு அதுதான். உங்க கணக்கு பாடத்துக்குச் சரியா இருக்கும், அழுறதுக்குச் சரிப்படாது. நேத்தே சொல்லியிருக்கணும். உங்களைத் தலைகுனிய விட்டுட்டேன்."

அவ்வளவுதான். அந்த வருஷத்து எண், ஒரே ஒரு ஆளுக்கு, சுவரோரம் சொல்லப்பட்டது.

திரும்பியபோது எதிரே மெனாஷே நின்றார். சுற்றிலும் கூட்டம் பேச்சைக் குறைத்தது. "உங்களுக்குச் சமாதானம்," என்றார் மெனாஷே சத்தமாக.

வழிபாட்டின் வார்த்தை. பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "சமாதானம் உங்களுக்கு," என்றார் ரஹமீம். அறுபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக மெனாஷேவை 'உங்களுக்கு' என்று சொல்லியிருந்தார். சபை வார்த்தைதான், எல்லாரும் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மெனாஷேவின் முகத்தில் அது எங்கோ பட்டது.

"எல்லார் முன்னாடியும் சொல்றேன்," என்றார் மெனாஷே, கூட்டத்துக்கும் கேட்கும்படி. "அடுத்த வருஷம் நீதான் எண் சொல்ற. வேற யாரும் கிடையாது. ஹகாம் சாட்சி."

எல்லாரும் ரஹமீமைப் பார்த்தார்கள். பெண்கள் வாசலில் ஹபீபா பாட்டில் மூடியைத் திருகாமல் நின்றாள். ரஹமீம் நிலவை ஒருமுறை பார்த்தார். பிறகு, இருபத்தேழு வருஷமாகத் தட்டிய அதே கையால், அதே இடத்தில், நின்றுகொண்டிருந்த மெனாஷேவின் முழங்காலைக் கொஞ்சம் குனிந்து தட்டினார்.

"அடுத்த வருஷம் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது."

இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டால் ஆமென் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆலயம் எழும்ப வேண்டாம் என்கிறவனாகிவிடுவான். சொன்னால் என்ன ஆகும் என்பதை மெனாஷேவே மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வந்து விளக்கியிருந்தார்.

மெனாஷே வாயைத் திறந்தார். மூடினார். ஹகாம் எலியாவு காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"என்னப்பா தர்மகர்த்தா," என்றாள் ஹபீபா வாசலிலிருந்து. "ஆமென் எங்க?"